இரண்டு அலைகளின் விம்மல்

கருவி வந்த முதல் வாரம் முழுக்க அது என்னைக் கண்டாலே ஊளையிட்டது.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு மரப்பெட்டி, அதன் வலப்பக்கத்தில் செங்குத்தாக ஒரு உலோகக் கம்பி, இடப்பக்கத்தில் படுக்கைவாட்டில் வளைத்து நீட்டிய இன்னொரு கம்பி. தட்டவோ மீட்டவோ ஊதவோ அழுத்தவோ அதில் எதுவும் கிடையாது. வலக்கையைச் செங்குத்துக் கம்பியை நோக்கிக் கொண்டுபோனால் சுரம் ஏறும், பின்னால் இழுத்தால் இறங்கும். இடக்கையை வளையத்தின் மேல் தாழ்த்தினால் ஒலி அடங்கும், உயர்த்தினால் பெருகும். தெரெமின் வாசிப்பது பற்றிக் கையேட்டில் இருந்தது இவ்வளவுதான். இரண்டு கம்பிகளையும் தொட வேண்டியதே இல்லை. தொட்டால் இசை கெடும்.

ஆனால் நான் நாற்காலியை விட்டு எழுந்தாலே சுரம் எங்கோ தாவியது. திரும்பினால் உறுமியது. ஒரே இடத்தில் கையை வைத்திருந்தாலும் ஒரு நிமிடத்தில் அது வேறெங்கோ நின்றது. கருவியில்தான் பழுது என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்பப் பெட்டியைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன். கடைசியில் குற்றவாளி நான்தான். உடன் வந்த அடாப்டரின் வயர் நீளம் போதாதென்று வேறொரு இரண்டு முள் அடாப்டரை மாட்டியிருந்தேன். அதில் எர்த் இல்லை. மூன்று முள் அடாப்டருக்கு மாறியதும் பிசாசு இறங்கிவிட்டது.

அந்த மூன்றாவது முள்ளில்தான் கருவியின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. மின்தேக்கி என்றால் எதிரெதிரே இரண்டு தகடுகள், நடுவில் கொஞ்சம் இடைவெளி. தெரெமினில் கம்பி ஒரு தகடு. இன்னொரு தகடு என் கை. கையோடு தோள், தோளோடு உடம்பு, உடம்பின் வழியே தரை. கருவியும் அதே தரையில் ஊன்றி நின்றால்தான் கணக்கு சரியாக வரும். ஆக, பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றில் ஒரு உதிரிபாகம் குறைகிறது. அந்த உதிரிபாகம் வாசிக்கிறவர்.

உள்ளே இரண்டு அலையியற்றிகள் இருக்கின்றன. இரண்டும் நம் காதுக்கு எட்டாத வானொலி அதிர்வெண்ணில் துடிப்பவை. ஒன்று மாறாதது. மற்றொன்று செங்குத்துக் கம்பியுடன் பிணைந்தது. கணக்குக்காக இரண்டும் நொடிக்கு 2,60,000 முறை அதிர்வதாக வைத்துக்கொள்வோம். கை நெருங்கியதும் கம்பியோடு பிணைந்தது கொஞ்சம் சோர்ந்து 2,59,560 ஆகிறது. இரண்டையும் கலந்து, வித்தியாசத்தை மட்டும் கருவி வெளியே விடுகிறது: 440. மேற்கத்திய இசைக்குழுக்கள் சுருதி சேர்க்கும் அதே 440 ஹெர்ட்ஸ். நெருக்கமான இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்தால் எழுவதைப் பள்ளி இயற்பியல் புத்தகத்தில் ‘விம்மல்’ என்று படித்தோம். அந்தச் சொல்லைத் தேர்ந்தவர் யாராயிருந்தாலும் தெரெமினை ஒருமுறையாவது கேட்டிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னும் ஒரு கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். 440க்கு அடுத்த அரைச்சுரம் ஏறத்தாழ 466. வித்தியாசம் 26. இரண்டு லட்சத்து அறுபதாயிரத்தில் இருபத்தாறு என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கை நகர்வதால் மாறும் மின்தேக்குதிறனைப் பிக்கோஃபாரடில்தான் அளக்க முடியும். ஒரு பிக்கோஃபாரட் என்பது ஒரு ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிற சுரம், நான் எச்சில் விழுங்கியதற்கு ஏன் அசைந்தது என்ற என் கேள்விக்கு இதற்கு மேல் விடை தேவைப்படவில்லை.

தினமும் வாசிக்கத் தொடங்கும் முன் இந்த இரண்டு அலைகளையும் சமாதானப்படுத்த வேண்டும். நிற்கும் இடத்தில் நின்று, வலக்கையை மடக்கித் தோளருகே வைத்துக்கொண்டு, சுருதித் திருகை மெதுவாகத் திருப்புவேன். கீச்சென்ற ஒலி இறங்கி உறுமலாகும். உறுமல் இன்னும் தாழ்ந்து, ஒரு கட்டத்தில் அது ஒலியாகவே இருக்காது. தனித்தனி அடிகளாக உதிரும். டொப், டொப், டொப். அடிகளுக்கு நடுவே இடைவெளி நீளும். பிறகு ஒன்றுமில்லை. இரண்டு அலைகளும் ஒன்றாகிவிட்டன, வித்தியாசம் சுழியம். திருகை இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் மறுபக்கத்திலிருந்து அதே அடிகள், அதே உறுமல், அதே கீச்சு. அந்த மறுபக்கத்தில் எல்லாம் தலைகீழ்: கையை நெருக்கினால் சுரம் இறங்கும். தெரியாமல் அந்தப் பக்கம் நின்று அரை மணி நேரம் வாசித்துப் பார்த்து, எனக்குக் காது கெட்டுவிட்டது என்று பயந்த நாளும் உண்டு.

இதைக் கண்டுபிடித்தவர் இசைக் கருவி செய்யத் தொடங்கவில்லை. 1920, பெட்ரோகிராது (இன்றைய பீட்டர்ஸ்பர்க்). அப்ராம் இயோஃபே நடத்திய இயற்பியல்-தொழில்நுட்ப ஆய்வகத்தில், அழுத்தமும் வெப்பமும் மாறும்போது வாயுக்களின் மின்பண்பு எப்படி மாறுகிறது என்று அளக்க லெவ் தெர்மென் ஒரு கருவி அமைத்திருந்தார். வயது இருபத்துநான்குதான். அளவைக் காட்ட முள் இல்லை, ஒலி. மாற்றம் நேர்ந்தால் அதன் சுருதி மாறும். அவர் கை அருகே போனாலே சுருதி மாறியது. வேறு யாராவது என்றால் இதைப் பிழை என்று எழுதிவைத்து, கருவியைத் தகரப்பெட்டிக்குள் மூடி, வேலையைப் பார்த்திருப்பார்கள். தெர்மென் செல்லோ வாசிப்பவர். ஆய்வுக் கருவியில் மெட்டு தேட ஆரம்பித்துவிட்டார்.

1922 மார்ச்சில் கிரெம்ளினில் லெனின் முன் அதை வாசித்துக் காட்டினார். அன்று அவர் எடுத்துப்போனது இசைக் கருவியை மட்டுமல்ல. யாராவது நெருங்கினால் ஒலியெழுப்பும் எச்சரிக்கைக் கருவி ஒன்றும் உடன் போனது. தத்துவம் இரண்டிலும் ஒன்றே. தெர்மென் பிற்காலத்தில் சொன்ன கதைப்படி, லெனின் தானும் முயன்று பார்க்க விரும்பினார். தெர்மென் பின்னால் நின்று அவர் கைகளைப் பிடித்து நகர்த்த, ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்காவின் ‘வானம்பாடி’ பாதி போனதும் விட்டுவிட்டார், மீதியை லெனினே முடித்தாராம். பாதிப் பாட்டில் கைவிடப்பட்டு மீதியைச் சுருதியோடு முடிப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவன் என்ற முறையில், இந்தக் கதையை நான் அரை மனதோடுதான் நம்புகிறேன். ஆனால் அந்த எச்சரிக்கைக் கருவியை மறக்க முடியவில்லை. திருடன் வந்தால் கத்துவதும் கலைஞன் வந்தால் பாடுவதும் ஒரே சுற்று. அருகில் ஒரு உடம்பு இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். மீதி எல்லாம் அந்த உடம்பு நடந்துகொள்ளும் விதம்.

நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, பெரும்பாலும் என் அவமானங்கள். வயலினில் விரல் தந்தியை உணரும். குழலில் துளையின் விளிம்பு விரல்நுனிக்குத் தெரியும். மெட்டுகளே இல்லாத கோட்டுவாத்தியத்தில்கூட, கட்டையைத் தந்திமேல் வழுக்கும்போது கைக்கு ஒரு எடை, ஒரு உரசல் கிடைக்கிறது. தெரெமினில் கைக்கு எதுவுமே திரும்பி வருவதில்லை. இருட்டில் இல்லாத படியில் கால் வைக்கும்போது வயிற்றில் ஒன்று கவிழுமே, ஒவ்வொரு சுரத்திலும் அதுதான் நடக்கும். போதாக்குறைக்கு, சுரங்கள் சம இடைவெளியிலும் இல்லை. கம்பியை நெருங்க நெருங்க அவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இங்கே ஒரு கை அகலத்தில் கிடைத்த தாவல், அங்கே இரண்டு விரல் அகலத்தில் முடிந்துவிடும்.

ஆகவே காதுதான் விரல். சுரம் பிறந்த பிறகே அது சரியா தவறா என்று தெரியும். தெரிந்த கணத்திலேயே திருத்தியாக வேண்டும். திருத்தியது கேட்பவருக்குத் தெரியவும் கூடாது. அதற்கு எல்லோரும் செய்யும் ஒரு ஏமாற்று வேலை, கையை நடுங்கவிடுவது. நடுக்கம் சுரத்தைச் சுற்றி ஒரு மஞ்சுபோல் படர்ந்து பிழையை மூடிவிடும். முதல் மூன்று மாதம் நான் வாசித்தது முழுக்க மஞ்சுதான். பதிவு செய்து கேட்டபோது, குளிரில் விறைத்த ஒருவர் யாரையோ உதவிக்கு அழைப்பதுபோல் இருந்தது.

கமகத்தில் ஊறிய காதுக்கு இந்தக் கருவி வரப்பிரசாதம் என்று நினைத்துத்தான் நான் இதற்குள் வந்தேன். சுரத்திலிருந்து சுரத்திற்கு இழைந்து போக இதைவிட வழி ஏது? ஆனால் இழைவு இங்கே கேட்காமலே கிடைக்கிறது, அதனால் அதற்கு மதிப்பில்லை. கையை எங்கிருந்து எங்கே கொண்டுபோனாலும் இடையில் உள்ள எல்லாம் ஒலித்தே தீரும். இழைக்காமல் இரண்டு சுரங்களைத் தனித்தனியாக நிறுத்துவதுதான் வித்தை. இடக்கை அதற்குத்தான்: வலக்கை பயணம் போகும் அந்த இமைப்பொழுதில் இடக்கை வளையத்தின்மேல் தாழ்ந்து ஒலியை விழுங்கி, போய்ச் சேர்ந்ததும் உயர்ந்து விடுவிக்க வேண்டும். வலக்கை தாமதித்தால் இழுவை. இடக்கை தாமதித்தால் விக்கல். எனக்கு இரண்டும் வந்தன, பெரும்பாலும் சேர்ந்தே. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, இங்கே கால் ஓடாமல் இருப்பது விதி. கைதான் பிரச்சினை.

இந்தக் குழப்பத்துக்கு ஒழுங்கு தந்தவர் கிளாரா ராக்மோர். 1911இல் வில்னியூசில் பிறந்தவர். பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன்பே பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் வயலின் மாணவியானவர். பின்னால் வயலின் ஆசான் லியோபோல்ட் ஆவரின் சீடர். கையில் ஏற்பட்ட பாதிப்பால் இளம்வயதிலேயே வயலினைக் கைவிட நேர்ந்தது. அமெரிக்காவில் தெர்மெனைச் சந்தித்து, வில்லைத் தாங்க முடியாத கையைக் காற்றுக்குப் பழக்கினார். அவருடைய முறை காற்றிலேயே விரல் பிடிப்பது. முழங்கையும் தோளும் அசையாது; குவிந்த விரல்கள் படிப்படியாக விரிய விரிய, அந்த விரிவுக்குள் சுரங்கள் ஒவ்வொன்றாக இடம்பிடிக்கும். கை முழுவதையும் ஆட்டித் தேடுவதற்குப் பதில், தெரிந்த தூரங்களை விரல்களே அளந்துவிடும். தெர்மெனிடமும் அவர் விடவில்லை. ஒலி இன்னும் வேகமாக அடங்க வேண்டும், எல்லை ஐந்து ஸ்தாயியாக வேண்டும் என்று கேட்டு, அப்படியொரு கருவியைச் செய்து வாங்கிக்கொண்டார்.

அவர் வாசிக்கும் ஒளிப்பதிவில் முகம் ஏறக்குறைய சிலை. முதலில் பார்த்தபோது இது மேடைக்கான பாவனை என்று நினைத்தேன். இல்லை. தலையை ஆட்டினால் சுரம் ஆடும், அவ்வளவுதான். நல்ல சங்கதிக்குத் தலையசைக்கும் உரிமைகூட வாசிப்பவருக்கு இல்லாத கருவி உலகில் வேறு இருக்கிறதா, தெரியவில்லை. 1977இல், மின்னணு இசைக் கருவிகள் செய்த ராபர்ட் மூக் தயாரித்து அவருடைய இசைத்தட்டு வெளிவந்தது. பியானோ வாசித்தவர் அக்கா நாடியா ரைசன்பர்க். அதில் பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸின் ‘அன்னம்’ வரும் இடத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கால் ஊன்றி நிற்கிறது. ஆவி, பேய் எதுவும் கிடையாது.

பேய் என்றதும் என் கோபத்தைக் கொஞ்சம் இறக்கிவைத்துவிடுகிறேன். தெரெமின் என்றாலே பறக்கும் தட்டு, சுடுகாடு, மனநோய் என்று ஆக்கியது ஹாலிவுட். 1945இல் ஹிட்ச்காக்கின் ‘ஸ்பெல்பவுண்ட்’ படத்துக்கு மிக்லோஷ் ரோஜா இசையமைத்தபோது மனக்குழப்பத்துக்கு இந்த ஒலியைப் பயன்படுத்தினார். (ஹங்கேரிய மொழியிலும் ரோஜா என்றால் ரோஜாதான்.) 1951இல் ‘த டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தில் பெர்னார்ட் ஹெர்மன் வேற்றுக்கிரகவாசிக்கு இரண்டு தெரெமின்களை ஒதுக்கினார். இவற்றில் வாசித்த சாமுவேல் ஹாஃப்மன் தொழில்முறையில் கால் மருத்துவர். கை வித்தையைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார். அதன்பின் நடுங்கும் ஒலி எது கேட்டாலும் தெரெமின் என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. 1966இல் பீச் பாய்ஸ் இசைக்குழுவின் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாடலில் கேட்கும் அந்தப் புகழ்பெற்ற ஊளை தெரெமின் அல்ல. டிராம்போன் கலைஞர் பால் டேனர், கையால் நகர்த்தும் கைப்பிடி உள்ள வேறொரு கருவியில் வாசித்தது. தொட்டு வாசித்தது! என்னிடம் வந்து அந்தப் பாடலை வாசிக்கச் சொல்பவர்களுக்கு இதை விளக்கி விளக்கி நண்பர்களை இழந்திருக்கிறேன்.

தெர்மெனின் வாழ்க்கைக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த எச்சரிக்கைக் கருவி என்னை விடவில்லை. 1927 கடைசியில் அவர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1928இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1929இல் ஆர்சிஏ என்ற அமெரிக்க வானொலி நிறுவனம் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மெட்டு ஒன்றை முணுமுணுக்கத் தெரிந்த எவரும் வாசித்துவிடலாம் என்ற தொனியில் விளம்பரம். விற்பனை தொடங்கிய கையோடு பங்குச்சந்தை சரிந்தது. உற்பத்தி ஏறத்தாழ ஐந்நூறோடு நின்றுவிட்டது. சந்தை சரியாமல் இருந்திருந்தாலும் அந்த விளம்பரப் பொய் ஒரு மாதத்தில் வீடுவீடாகத் தெரிந்திருக்கும்.

கிளாராவின் பதினெட்டாம் பிறந்தநாளுக்குத் தெர்மென் செய்து கொடுத்தது ஒரு கேக். யாராவது நெருங்கினால் தானே சுழலும், விளக்கு எரியும். அவர் கிளாராவை விரும்பினார். கிளாரா ராபர்ட் ராக்மோர் என்ற வழக்கறிஞரை மணந்தார். தெர்மென், நடனமாடுபவரின் முழு உடம்புக்கும் ஒலிக்கும் மேடை ஒன்றையும் செய்தார். பின்னால் லவீனியா வில்லியம்ஸ் என்ற நடனக் கலைஞரை மணந்தார். 1938இல் திடீரென்று சோவியத் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். கடத்திச் செல்லப்பட்டார் என்று ஒரு கதை, கடன் தாங்காமல் அவராகவே போனார் என்று இன்னொரு கதை. போன மறு ஆண்டே கைது. தூரக் கிழக்கில் கொலிமா கட்டாய உழைப்பு முகாம். பிறகு கைதிகளான அறிவியலாளர்களை வைத்து வேலை வாங்கிய சிறை ஆய்வகம்.

அங்கே அவர் செய்த ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது. 1945இல் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் அவெரெல் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசளித்தார்கள். அது மாஸ்கோவில் தூதரின் இல்லத்தில் ஏழாண்டுகள் தொங்கியது. 1952இல்தான் அதற்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பது தெரிந்தது. மின்கலம் இல்லை, வயர் இல்லை. ஒரு சிறு உலோகக் கூடு, ஒரு மெல்லிய சவ்வு, ஒரு கம்பி. வெளியிலிருந்து வானொலி அலையைப் பாய்ச்சும்போது மட்டும் அது உயிர்பெறும். அறையில் யாராவது பேசினால் சவ்வு அதிரும். சவ்வுக்கும் எதிரே உள்ள உலோகத்துக்கும் இடையிலான மின்தேக்குதிறன் அந்தக் குரலுக்கேற்ப மாறும். திரும்பிப் போகும் அலை அந்த மாற்றத்தைச் சுமந்துகொண்டு போகும். இரண்டு தகடுகள், நடுவில் இடைவெளி. கைக்குப் பதில் குரல். வாயுவை அளக்கப்போய்த் தன் கையைக் கண்டுகொண்டவர், கால் நூற்றாண்டு கழித்து அதே இடைவெளியைக்கொண்டு யாரோ ஒருவரின் பேச்சைக் கேட்டார். வெறுக்க வேண்டிய வேலைதான். ஆனாலும் அந்தக் கூட்டின் எளிமையைப் படித்தபோது, அடடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அதன்பின் நெடுங்காலம், அவர் இறந்துவிட்டார் என்றே மேற்கில் பலர் நம்பியிருந்தார்கள். 1991இல் நியூயார்க் வந்து கிளாராவைச் சந்தித்தார். அவருக்குத் தொண்ணூற்றைந்து, கிளாராவுக்கு எண்பது. 1993இல் மாஸ்கோவில் காலமானார்.

இதற்கிடையில் கருவியை உயிரோடு வைத்திருந்தவர்களில் முதல்வர் மூக். பதினான்கு வயதில் தெரெமின் ஒன்றைச் செய்து பார்த்து, பின் அவற்றைச் செய்து விற்றே மின்னணு இசைக்குள் நுழைந்தவர். அவர் பெயரில் சிந்தசைசர்கள் வந்தது பிறகுதான். இன்று கரோலினா ஐக் போன்ற தெரெமின் கலைஞர்கள் ஒரு ஸ்தாயியை எட்டு விரல்நிலைகளாகப் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். நான் பின்பற்றுவது அந்த முறைதான். முதல் நிலையில் விரல்கள் குவிந்திருக்கும், எட்டாவதில் கை முழுதாக விரிந்திருக்கும். ஒன்றிலிருந்து எட்டுக்குப் போய் வருவதை மட்டும் ஒரு மாதம் செய்தேன். ஏழாவது இன்னும் சரிப்படவில்லை. சுண்டுவிரல் எப்போதும் ஒரு இழை முந்திவிடுகிறது.

சென்ற மாதம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் முன்னால் ‘அன்னம்’ வாசித்தேன். சுருதி சேர்த்தபோது எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வரியில் ஒருவர் ஆர்வம் தாங்காமல் என் வலக்கை எப்படி நகர்கிறது என்று பார்க்க எழுந்து கம்பிக்கு அருகில் வந்துவிட்டார். அன்னம் தண்ணீரை விட்டு எழும்பியது. நான் கையைப் பின்னால் இழுத்து அதை இறக்கினேன். பழுதாக்கிவிட்டோமோ என்று அவர் பதறி விலகினார், அன்னம் முங்கியது. பிறகு சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

அன்றிலிருந்து என் மகளுக்கு இது விளையாட்டு. இரவில் நான் பயிற்சி செய்யும்போது வந்து பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறாள். தள்ளிப் போ என்று சொல்வதை விட்டுவிட்டேன். அவள் உட்கார்ந்த பிறகே திருகைத் திருப்புகிறேன், அவளையும் சேர்த்தே சுழியம் பிடிக்கிறேன். நேற்று ஒரு நீண்ட சுரத்தில் இருந்தேன். கண்ணை மூடியிருந்தேன். சுரம் ஒரு இழை இறங்கியது. அவள் தூங்கப் போய்விட்டாள் என்று தெரிந்தது. கண்ணைத் திறக்காமல் கையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டேன்.